எல்லாருக்கும் போன மெயில்

சரக்கு ஆட்டோ திரும்பி வந்த சத்தத்திலேயே பவளத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. காலி ஆட்டோ என்றால் தடதடவென்று குதித்துக்கொண்டு வரும். இது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. வெளியே தூறல். ஓசூர்த் தூறலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொட்ட வேண்டியதை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகாது; நாள் முழுக்க மனுஷனைச் சீண்டிக்கொண்டே இருக்கும். மூக்கண்டப்பள்ளியின் அந்தச் சந்தில் இரண்டு லேத்து, மூன்று லேத்து வைத்த பட்டறைகள்தான் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பூபதி இறங்கி, தலையில் போட்டிருந்த கோணிச்சாக்கை உதறினான். பெண்டாட்டி முகத்தை அவன் பார்க்கவில்லை.

"என்னா மாமா, எறக்காமயே கொண்டாந்துட்ட?"

"எறக்க வுட்டாத்தானே? கேட்லயே நிறுத்தி ரெண்டு பீசு எடுத்துப் பாத்தாங்க. செவப்புச் சீட்டு கட்டி அனுப்பிச்சிட்டாங்க. ரிஜெக்ட்."

"எதுக்கோசரம்? அளவு தப்பா?"

"அளவெல்லாம் அச்சு மாதிரி இருக்குது. புஷ்ஷுக்கு உள்ளார எண்ணெய் ஓடறதுக்குக் காடி வெட்டணுமாம். புது மாடலாம். டிராயிங்கு மாறி நாளாச்சாம். மெயில்ல அனுப்பிட்டாங்களாம்."

கடைசி வார்த்தையை அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் மூலையில் உட்கார்ந்து, புஷ் என்கிற இரும்பு வளையங்களில் அரத்தால் பிசிறு எடுத்துக்கொண்டிருந்த சென்னம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பட்டறையில் லேத்து பூபதியின் பாடு, பிசிறு சென்னம்மாவின் பாடு, மெயில் பவளத்தின் பாடு. ஊத்தங்கரையில் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள் அவள். பில், கொட்டேஷன், மெயில் எல்லாம் அவள் கையில்தான் இருந்தன.

"ஏனாயித்தம்மா?" என்றாள் சென்னம்மா, என்ன ஆச்சு என்று. பாகலூர்ப் பக்கத்துக்காரி. பதற்றம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும்.

"மெயிலே வரல சென்னம்மா. காலையில ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி போயிப் பாக்கறேன். வந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"வந்துச்சோ வரலயோ," என்றான் பூபதி. "கோடை எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க."

கோடு என்றால் வெண்டர் கோடு. சிப்காட்டில் இருந்த அந்தப் பெரிய கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்கும் பட்டறை ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். அந்த நம்பர் இருந்தால்தான் கேட் திறக்கும். போய்விட்டால் இரண்டு லேத்தையும் எவனுக்காவது விற்றுவிட்டு, பூபதி மறுபடி யாரிடமாவது ஷிப்ட்டுக்குப் போக வேண்டியதுதான். மத்தூரிலிருந்து வந்து எத்தனையோ வருஷம் அடுத்தவன் மெஷினில் நின்றவன். சொந்த மெஷின் முன்னால் நிற்க ஆரம்பித்த பிறகுதான் அவன் முதுகு நேரானது. அது பவளத்துக்குத் தெரியும்.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பூங்கொடியின் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் ஆயுத பூஜைக்குப் போக வேண்டும். அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். கம்பெனிக்காரர்கள் அந்த வருஷம்தான் எல்லா வெண்டர்களையும் ஒரே மெயில் முகவரிக்குள் அடைத்திருந்தார்கள். அந்த முகவரிக்கு ஒன்று போட்டால் எல்லாருடைய பெட்டியிலும் போய் விழும். கம்பெனி அதைச் செய்தது அறிவிப்பு அனுப்புவதற்கு. ஆனால் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பொரிகடலைத் தட்டு வந்தால் அதைக் காலியாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அதே மரியாதையை மெயிலுக்கும் காட்டினார்கள். கம்பெனி "நாளை கேட் விடுமுறை" என்று ஒரு வரி போட்டால், எல்லாரும் ஆளுக்கொரு "நோட்டட் சார்" போடுவார்கள். அத்தனையும் எல்லாருக்கும் போகும். போடாதவன் மரியாதை தெரியாதவன்.

ஆயுத பூஜையன்று பூங்கொடி ஒரு கேமரா கொண்டுவந்தாள். பிலிம் போடாத கேமரா. பெங்களூரில் இருந்த அவளுடைய அண்ணன் வாங்கித் தந்தது. பெரிய லேத்துக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, அதன் மேல் சரஸ்வதி படத்தைச் சார்த்தி, முன்னால் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வைத்திருந்தார்கள். பூங்கொடி ஒரு படம் பிடித்தாள். அது அவ்வளவு அழகாக வந்துவிட்டது. பவளத்துக்குக் கை சும்மா இருக்குமா? "அனைவருக்கும் ஆயுத பூஜை வாழ்த்துக்கள்" என்று அந்தப் பொது முகவரிக்குத் தட்டிவிட்டாள்.

அன்று அதற்கு முன் யாரும் படம் போடவில்லை. அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டது. பவளம் வீட்டு லேத்து மட்டும்தான் லேத்தா? மில்லிங் மெஷினுக்கு மாலை, பிரஸ்ஸுக்குப் பட்டுத்துணி, டெம்போவுக்கு எலுமிச்சம்பழம் என்று படம் படமாக வந்து இறங்கியது. லட்சுமி வந்தாள், முருகன் வந்தார், முனீஸ்வரன் வந்தார். ஓசியில் கிடைத்த மெயில் பெட்டி அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிது? பத்துப் படம் வந்தால் வாய்வரை நிரம்பிவிடும். பவளத்தின் பெட்டி அன்று சாயங்காலமே நிரம்பி, "இடமில்லை" என்று சிவப்பு எழுத்தில் சொல்ல ஆரம்பித்தது.

"அழிச்சிரு அக்கா," என்றாள் பூங்கொடி அன்றைக்கே.

"சாமி படத்தையா? நல்ல நாளும் அதுவுமா? கை விளங்குமாடி?"

காலண்டர் கிழிந்தால்கூட அதிலிருக்கும் சாமியைக் கத்தரித்து எடுத்துவைக்கிறவள் அவள். விஜயதசமி போகட்டும், அந்த வாரம் போகட்டும் என்று தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் ஒரு சனிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு, "தாயே மன்னிச்சுக்க" என்று சொல்லி ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த இடைவெளியில்தான் கம்பெனி புது டிராயிங்கை அனுப்பியிருக்கிறது. நிரம்பிய பெட்டிக்குள் அது எப்படி நுழையும்?

இப்போது பிரவுசிங் சென்டரில் ஈரத்தலையோடு உட்கார்ந்து யோசித்தபோது பவளத்துக்கு இது பிடிபட்டது. முதல் படத்தைப் போட்டவள் அவள்தானே. வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது?

ஆனால் சொல்லாமல் வைத்துக்கொள்கிற ஜாதி இல்லை அவள். சொன்னாள். பூபதி லேத்துச் சக்கில் ஒட்டியிருந்த இரும்புச் சுருளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டான்.

"நாளைக்குக் கம்பெனிக்குப் போயி அந்த எட்சன் சார் கால்ல வுழறேன்," என்றான்.

"நீ என்னாத்துக்கு வுழணும்? நான் போறேன். வுழவும் மாட்டேன், பேசிட்டு வர்றேன்."

எட்சன் பர்சேஸில் இருந்த சின்ன வயசுக்காரன். திருநெல்வேலிப் பக்கம். மரியாதையானவன். மறுநாள் கேட் பக்கத்து அறையில் பவளத்துக்கு நாற்காலி போட்டு, டீ சொன்னான்.

"மேடம், எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா நான் அனுப்பினது உண்மை. எல்லாருக்கும் ஒரே மெயில்ல போட்டுருக்கேன். மத்தவங்க யாரும் வரலன்னு சொல்லலியே. நீங்க மட்டும் சொல்லுதீங்க."

"மத்தவங்க சரக்கெல்லாம் சரியா வந்துதுங்களா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "சிலது ரிஜெக்ட் ஆச்சு. ஆனா யாரும் வாய தொறக்கல. எடுத்துட்டுப் போய்ட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மெயில் வரலங்கீங்க."

பவளம் டீயைக் குடிக்காமல் எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்க மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். சிப்காட்டில் சின்னப் பட்டறைக்காரன் எவனும் சரக்கு திரும்பி வந்ததை வெளியே சொல்ல மாட்டான். சொன்னால் பக்கத்துப் பட்டறைக்காரன் அடுத்த நாளே போய், "அந்த பார்ட்டை நான் பண்ணித் தர்றேன் சார்" என்று நிற்பான். அதனால் சரக்கு திரும்பி வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கி, மேலே கோணி போட்டு மூடிவிட்டு, காலையில் டீக்கடையில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

மத்தியானம் களி கிண்டி, கொள்ளு கடைந்திருந்தாள். மூன்று பேரும் பட்டறையிலேயே தட்டை வைத்து உட்கார்ந்தார்கள். பவளம் ஒரு உருண்டையைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தவள் அப்படியே கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மாமா, அந்தப் பொது மெயில்லயே கேக்கப் போறேன்."

"என்னான்னு?"

"யாருக்கெல்லாம் புது டிராயிங்கு வரலன்னு."

பூபதிக்குப் புரை ஏறிவிட்டது. சென்னம்மா முதுகில் தட்டினாள்.

"உனக்கென்னா கிறுக்கா புடிச்சிருக்கு? நம்ம சரக்கு ரிஜெக்ட்டுன்னு ஊருக்கே தண்டோரா போடறியா? இன்னிக்குப் போட்டீன்னா நாளைக்கே நாலு பேரு நம்ம புஷ்ஷுக்கு ரேட்டு குடுத்திருப்பான்."

"கோடு போயிட்டா மட்டும் குடுக்க மாட்டானா?"

"கம்பெனிக்காரன் பாப்பான். அவன் மெயில்ல அவனயே குத்தம் சொல்ற மாதிரி ஆகும்."

"பாக்கட்டும். முதல் படம் போட்டது நாந்தான்னும் எழுதிடப் போறேன். என்னோட தப்ப நானே சொல்லிட்டா அப்பால எவன் என்னா சொல்லிருவான்?"

"நம்ம பூஜ படத்தப் பாத்து எல்லாரும் எவ்ளோ சந்தோசப்பட்டாங்க," என்றாள் சென்னம்மா. "அது தப்பாம்மா?"

"படம் தப்பில்ல சென்னம்மா. ஊரு முழுக்க வீடு வீடாப் போயி நம்ம வாழக்கன்ன நட்டுட்டு வந்தது தப்பு. அவங்க நடக்க வழி வேணாமா?"

பூபதி தட்டில் கையைக் கழுவினான். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. அவன் சம்மதம் அவ்வளவுதான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பூங்கொடியின் சென்டரில் உட்கார்ந்து பவளம் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். மேலே விஷயம் என்று இருக்கும் இடத்தை மற்றவர்கள் காலியாக விடுவார்கள், இல்லை "ஹாய்" என்று போடுவார்கள். அவள் "புது டிராயிங் வராதவர்கள் கவனிக்கவும்" என்று போட்டாள். உள்ளே எழுதியது இதுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் பூபதி இன்ஜினியரிங் பவளம். ஆயுத பூஜைக்கு முதல் படம் போட்டது நான்தான். அதன் பிறகு வந்த படங்களால் என் பெட்டி நிறைந்துவிட்டது. சாமி படம் என்பதால் அழிக்க மனம் வரவில்லை. அந்த நேரம் கம்பெனி அனுப்பிய டிராயிங் எனக்கு வராமல் போய், என் சரக்கு ரிஜெக்ட் ஆகிவிட்டது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் எனக்கு மட்டும் பதில் போடவும். எல்லாருக்கும் போட வேண்டாம்."

அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். அழுத்திவிட்டாள்.

முதலில் வந்தது "நோட்டட் மேடம்". எல்லாருக்கும் வந்தது. அடுத்ததும் "நோட்டட் மேடம்". எல்லாருக்கும். பூங்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலாவது வந்தது ஒரு பெரிய பார்ட்டியிடமிருந்து, எல்லாமே பெரிய எழுத்தில்: இது பொது இடம், உங்கள் பட்டறைக் கதையை இங்கே கொண்டுவராதீர்கள். அதுவும் எல்லாருக்கும்தான். பவளத்துக்குக் காது சூடானது.

பட்டறைக்குத் திரும்பினால் போன் அடித்துக்கொண்டிருந்தது. எட்சன்.

"மேடம், என்ன காரியம் செஞ்சிட்டிய! மேனேஜர் காச்சுமூச்சுன்னு கத்துதாரு. பொது மெயில்ல இப்படியா போடுவாங்கன்னு கேக்காரு. நாளைக்குக் காலைல உங்கள வரச் சொல்லுதாரு."

"வர்றேன் சார்," என்று வைத்தாள். பூபதியின் முகம் செத்துப்போயிருந்தது. அந்தச் சாயங்காலம் அவளும் நொந்துபோய்த்தான் இருந்தாள். கெடுத்துவிட்டோம், இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் நாமே அடைத்துவிட்டோம் என்று நினைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கக்கூட எழவில்லை.

அப்போது ஒரு டிவிஎஸ் வண்டி வாசலில் வந்து நின்றது. ஐசக். இரண்டு சந்து தள்ளி, தகடு அடிக்கும் பிரஸ் பட்டறை வைத்திருப்பவன். பூபதிக்கு டீக்கடை சிநேகிதன். தலையெல்லாம் தூறல்.

"அக்கா, உங்க மெயிலப் பாத்தேன்," என்றான். "பதில் அடிக்க உக்காந்தேன், கை ஓடல. நேர்லயே வந்துட்டேன். எங்க பட்டறையிலயும்தான் ரிஜெக்ட் சரக்கு அடுக்கிக் கெடக்குது."

பூபதி எழுந்து நின்றுவிட்டான். "டேய்! தெனமும் ஒண்ணாத்தானேடா டீ குடிக்கறோம்? ஒரு வார்த்த சொன்னியா?"

"நீ சொன்னியாண்ணா?"

பூபதி மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு எப்பிடி ஐசக் பெட்டி நெறஞ்சுது?" என்றாள் பவளம். "நீ வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். நீ அழிச்சிருக்கலாமில்ல?"

"அடுத்தவங்க சாமின்னா சாமியில்லையாக்கா? நானே அழிச்சிட்டு, நாளைக்கு நமக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா அதனாலதான்னு மனசு அடிச்சுக்காதா? எங்க வூட்டுல பவுலினா வேற, 'அவங்க பாசத்துல அனுப்பினத அழிக்காதீங்க'ன்னுட்டா. அப்பிடியே வுட்டு, போன வாரந்தான் மனசில்லாம அழிச்சேன்."

பவளம் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. பூபதியும் சிரித்தான். ரிஜெக்ட் சீட்டு கட்டிய சரக்குப் பெட்டிகளின் மேலேயே மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மறுநாள் கம்பெனிக்குப் போகிற வழியில் பிரவுசிங் சென்டரில் எட்டிப் பார்த்தபோது பூங்கொடி வாசலிலேயே நின்று கத்தினாள்: "அக்கா, சீக்கிரம் வா! உனக்கு மட்டும் எவ்வளவு வந்திருக்குன்னு பாரு!"

பவளம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எங்களுக்கும் வரவில்லை. எங்களுக்கும்தான். முனீஸ்வரன் படத்தை அன்றைக்கே எப்படி அழிப்பது மேடம்? எங்கள் வீட்டுக்காரர் வெளியே சொல்லக் கூடாது என்றார், நீங்கள் சொன்னதும் தைரியம் வந்தது. பெரிய எழுத்தில் திட்டியவர்கூட, இந்த முறை சின்ன எழுத்தில், அவளுக்கு மட்டும் எழுதியிருந்தார்: எங்கள் இரண்டாவது யூனிட்டிலும் இதே கதை, தயவுசெய்து பெயரை வெளியே சொல்ல வேண்டாம். பவளம் எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டாள்: "இப்போதே கம்பெனி கேட்டுக்கு வாருங்கள்." மெயில்களின் கீழே இருந்த நம்பருக்கெல்லாம் பூங்கொடி போனும் போட்டாள்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே டிவிஎஸ்ஸும் ஸ்கூட்டருமாக ஒரு கூட்டமே நின்றது. செக்யூரிட்டி மிரண்டுபோய் போன் போட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, திருட்டுச் சிரிப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களுமா?" "நீயுமா?" கல்யாண வீட்டில் வெகுநாள் கழித்துச் சந்தித்த சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது. கடைசியில் எல்லாரையும் கான்டீனுக்குள் விட்டார்கள்.

மேனேஜர் வந்தார். உயரமான ஆள். பவளத்தை எதிர்பார்த்து வந்தவர், இத்தனை பேரைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றார்.

"மெயில் அனுப்பிட்டா வந்த மாதிரிதான். அதுதான் ரூல்," என்றார்.

பவளம் எழுந்தாள்.

"சார், வூடு பூட்டியிருந்தா தபால்காரர் தபாலத் திருப்பிக் கொண்டுபோயிருவாரு. மெயிலும் உள்ள போகலன்னா அனுப்பினவங்களுக்கே திரும்பி வரும். நான் ஒருவாட்டி கொட்டேஷன தப்பான அட்ரஸுக்குப் போட்டு எனக்கே வந்திருக்குது. இத்தன பேருக்குப் போகலன்னா இத்தனையும் இங்கதான சார் திரும்பி வந்திருக்கணும்? தப்பு எங்க மேலயும் இருக்குது, இல்லேங்கல. ஆனா எங்க மேல மட்டும்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

மேனேஜர் எட்சனைப் பார்த்தார். எட்சனின் காது சிவந்திருந்தது. ஆனாலும் நல்ல பையன், மறைக்கவில்லை.

"வந்துச்சு சார். பூஜை லீவு முடிஞ்சு வந்து டிராயிங்க அனுப்பிட்டு மறுநாள் பாத்தா, இங்கிலீஷ்ல கசாமுசான்னு என்னென்னமோ வந்து கெடந்துச்சு. இப்ப ஊரெல்லாம் வைரஸ் மெயிலா வருதுல்லா, அதுன்னு நெனச்சு மொத்தமா அழிச்சிட்டேன் சார். நேத்து மேடம் எழுதினதப் படிச்ச பெறகுதான் எனக்கே உறைச்சுது. ராத்திரி பூரா தூக்கமில்ல."

பின்னாலிருந்து ஐசக் மெல்ல எழுந்தான்.

"சார், கோச்சுக்காதீங்க. எங்க எல்லார் பெட்டியிலயும் வந்ததுலயே பெரிய படம் எதுன்னா, கம்பெனி கேட்டுக்கு மாலை போட்டு நீங்க அனுப்பிச்சீங்களே, அதுதான் சார். தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம்."

யாரோ முதலில் க்ளுக்கென்றார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. மேனேஜர் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாரோடும் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "யார் கோடும் போகாது. காடி வெட்டித் திருத்தக் கூடியதையெல்லாம் திருத்திக் கொண்டு வாங்க. நான் கையெழுத்துப் போடறேன். முடியாதத எட்சன் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாக்கட்டும். இனிமே டிராயிங் மாறினா மெயிலோட போனும் பண்ணணும். அப்புறம் இந்தப் பொது மெயிலுக்கு ஒரு ஒழுங்கு வேணும். எட்சன், நீ ரெண்டு பக்கத்துக்கு ஒண்ணு எழுது."

"நான் எழுதறேன் சார்," என்றாள் பவளம். "அவரு இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் எழுதுவாரு. நாங்க 'நோட்டட் சார்'னு போட்டுட்டு மூடிருவோம்."

அன்று மத்தியானத்திலிருந்து பூபதியின் லேத்து நிற்கவே இல்லை. ஒவ்வொரு புஷ்ஷையும் சக்கில் கவ்வவைத்து, காடி வெட்டும் டூலை உள்ளே விட்டு, மெதுவாக இழுத்தான். சூடு தணிக்க விட்ட கூலண்ட் பால் மாதிரி வழிந்தது. பட்டறை முழுக்க அந்த எண்ணெய் மணம். சீட்டி அடித்தான். கல்யாணமான புதிதில் அடித்தது, அப்புறம் பவளம் அதைக் கேட்டதே இல்லை. சென்னம்மா காடிக்குள் விரலை விட்டு, பிசிறு இருக்கிறதா என்று தடவித் தடவி அடுக்கினாள். சரக்கு போனது. இந்த முறை ஆட்டோ குதித்துக்கொண்டு திரும்பி வந்தது.

ஒழுங்கை எழுத உட்கார்ந்தபோதுதான் சண்டை. புளிச்சகீரையும் சோறும் நடுவில் இருந்தன.

"ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியத ஒருத்தருக்கே சொல்லணும். இது மொத," என்றாள் பவளம்.

"சரி."

"பொதுவுல படம் போடக் கூடாது. வேணும்னா நேர்ல கூப்பிட்டுக் காட்டட்டும், பொரி குடுக்கட்டும்."

"சரி."

"விஷயம் என்னான்னு மேல எழுதணும். மொத்தமும் பெரிய எழுத்துல எழுதக் கூடாது, அது கத்தற மாதிரி இருக்குது. சாமி படம் யாராச்சும் அனுப்பி வந்திருந்தா அழிக்கலாம். தோஷமில்ல. எழுதினது பவளம், தோஷம் வந்தா எனக்கு வரட்டும்."

"அய்யோ தேவரே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் சென்னம்மா.

"'நோட்டட் சார்' போடக் கூடாது."

இதில்தான் பூபதி நிமிர்ந்தான். "அதெப்பிடி? ஒருத்தன் நம்மகிட்ட ஒண்ணு சொல்றான். கேட்டுக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லலன்னா என்னா மரியாத? மதிக்கலன்னு ஆயிராதா?"

"நீ கேட்டுக்கிட்டன்னு உன்னோட வேலையிலதான் மாமா தெரியணும். நீ கேட்டதுக்கு நூறு பேரு எதுக்கு எந்திரிச்சு வந்து கதவு தொறக்கணும்?"

"நம்மாளுங்களாவது, பதில் போடாம இருக்கறதாவது! நடக்காது புள்ள. கை அரிச்சுக்கிட்டே இருக்கும்."

"பாப்போம்," என்றாள் பவளம். கடைசி வரியாக ஒன்று சேர்த்துக்கொண்டாள்: "இந்த மெயிலுக்கும் யாரும் பதில் போட வேண்டாம். மீறிப் போட்டால் அந்தப் பட்டறைக்கு நான் நேரில் வருவேன்."

மேனேஜர் படித்துவிட்டு ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கம்பெனியின் பெயரோடு அவள் பெயரும் கீழே இருக்க, சாயங்காலம் அது எல்லாருக்கும் போனது.

மறுநாள் காலை பூபதியும் கூடவே வந்தான். சட்டை மாற்றி, தலைவாரி. அவன் பிரவுசிங் சென்டருக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல்முறை. பெண்டாட்டி பெயரில் வந்த மெயிலுக்கு ஊர் என்ன சொல்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் அவனுக்கு. பவளம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழே இறங்கி வந்தது.

ஒன்றுமில்லை.

பவளம் இன்னொரு தடவை திறந்தாள். ஒன்றுமில்லை. அவள் அனுப்பிய அந்த மெயில் மட்டும் தனியாக இருந்தது.

பூபதியின் முகம் தொங்கிப்போனது. "ஒருத்தன்கூடவா ஒண்ணும் சொல்லல?" என்றான். "அம்மாம் கஷ்டப்பட்டு எழுதின. இவனுங்க கோடையெல்லாம் காப்பாத்திக் குடுத்த. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த? வுடு புள்ள, மனசுல வெச்சுக்காத. படிச்சிருக்கவே மாட்டானுங்க."

பவளம் திரும்பி அவனைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. அப்புறம் அந்த அறையே அதிர்கிற மாதிரி சிரித்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூங்கொடி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"மாமா, நல்லாப் பாரு!" என்று அவன் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தாள் பவளம். "ஒரு நோட்டட் இல்ல! அத்தன பேரும் படிச்சிட்டாங்க!"